பலகையில் யார் பெயர்?

வாசகர் கேள்வி – பதில்

ஆஸ்திரேலியாவில் நூலக வாசல், பள்ளிக்கூட மதில், பூங்கா நுழைவு என்று எங்கு திரும்பினாலும் "இது இன்னார் நாடு" என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளைப் பெயர் சொல்லி மதிக்கும் பலகைகள் வந்துவிட்டன. எங்கள் மண்டபத்துக்கும் ஒன்று வேண்டும், எங்கள் தமிழ்ப் பள்ளிக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு எழுதியவர்களுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கள் மண்டப வாசலில் பலகை வைக்கச் செயற்குழு முடிவெடுத்துவிட்டது. உள்ளூர்க் கவுன்சில் (நகராட்சி) இணையதளத்தில் இருக்கும் வாசகத்தை அப்படியே எடுத்து அச்சடித்து மாட்டிவிடலாமா? பொங்கல் விழாவுக்குள் முடிக்க வேண்டும்.
– சங்கச் செயலாளர், டூங்காபி, சிட்னி

மாட்டலாம்; யாரும் அபராதம் போட வரமாட்டார்கள். மரியாதை தெரிவிக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் மரியாதை தெரிவிப்பது வேறு, வரவேற்பது வேறு. உங்கள் பகுதிப் பூர்வகுடிகள் தாருக் மக்கள். "தாருக் நாட்டுக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று நீங்கள் எழுதினால், பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு வந்தவர்களை நாம் "உள்ளே வாங்க" என்று அழைத்த கதைதான். வரவேற்கும் உரிமை அந்த நாட்டுக்காரர்களுக்கு மட்டுமே. தமிழ் அமைப்புகளின் பலகைகளில் 'நல்வரவு' பழக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. சங்கத்தின் வரவேற்பை வேறு பலகையில் வையுங்கள்.

கவுன்சில் வாசகத்தில் இன்னொரு சிக்கல். அது கவுன்சில் எல்லை முழுவதற்கும் எழுதப்பட்டது. சில கவுன்சில்களுக்குள் இரண்டு மூன்று மக்களின் நாடுகள் அடங்கும். உங்கள் மண்டபம் நிற்பது ஒரே ஓர் இடத்தில்.

டூங்காபி தாருக் நாடு. ஆனால் யாரைக் கேட்பது? நியூ சவுத் வேல்ஸில் 1983-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டப்படி சுமார் 120 உள்ளூர்ப் பூர்வகுடி நில மன்றங்கள் உண்டு. மேற்கு சிட்னிக்கு டீரபின் மன்றம். இந்த மன்றங்களில் உறுப்பினராக அந்தப் பகுதியில் வசிக்கும் பூர்வகுடியினராக இருந்தால் போதும். விராஜுரி என்ற வேறொரு மக்களின் நாட்டிலிருந்து வந்து பிளாக்டவுனில் குடியேறியவரும் உறுப்பினராகலாம். ஆகவே நில மன்றமும் தாருக் வழித்தோன்றல்களும் ஒன்றல்ல. தாருக் குடும்பங்கள் நடத்தும் அமைப்புகள் தனியே இருக்கின்றன. இரு தரப்புக்கும் கடிதம் எழுதுங்கள். ஒரு தரப்புக்கு மட்டும் எழுதிவிட்டு, திறப்பு விழா அன்று மறுதரப்பார் "எங்களை ஏன் கேட்கவில்லை?" என்று கேட்டால் சொல்லப் பதில் இருக்காது.

கடிதம் ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், மண்டபத்தின் முழு முகவரி, பலகை நிற்கப்போகும் இடம், அளவு, ஆங்கில வாசகம், தமிழ் வாசகம் இருந்தால் அதன் சொல்லுக்குச் சொல் ஆங்கிலப் பொருள், எந்தத் தேதிக்குள் வேண்டும் – இவ்வளவும் இருக்கட்டும். கடைசி வரியில் "உங்கள் நேரத்துக்கு என்ன கட்டணம்?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். இலவசமாகச் செய்து தருவார்கள் என்று எதிர்பார்ப்பது வழக்கறிஞரிடம் போய் ஓசியில் ஆலோசனை கேட்பது போல.

பொங்கலை மறந்துவிடுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை அலுவலகங்கள் பாதி மூடியிருக்கும். வெள்ளையர் குடியேற்றத்தை நினைவுகூரும் ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26 அவர்களுக்குத் துக்க நாள். அதையொட்டிய வாரங்களில் அவர்களுக்கு வேறு வேலைகள் இருக்கும். மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம், ஜூலை முதல் ஞாயிறில் தொடங்குவது பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரம் – இவற்றில் ஊரிலுள்ள பள்ளி, வங்கி, அலுவலகம் எல்லாமே அவர்களைத்தான் அழைக்கும். மூன்று மாத அவகாசத்தோடு, ஆகஸ்ட் மாதத்தில் எழுதினால் நிதானமாகப் பேசக் கிடைப்பார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு பள்ளியின் பலகையில் வுருஞ்ஜெரி நாடு என்றும், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றில் பூனூராங் என்றும் இருக்கிறது. எது சரி?
– வாசகி, கிளேட்டன், மெல்பர்ன்

இரண்டும் சரியாக இருக்கலாம். விக்டோரியாவில் இந்தக் குழப்பத்துக்குத் தீர்வு உண்டு. 2006-ஆம் ஆண்டுப் பூர்வகுடி மரபுச் சட்டப்படி, ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான அமைப்பை மாநிலப் பூர்வகுடி மரபுக் கவுன்சில் பதிவு செய்கிறது. மெல்பர்னுக்குள் வுருஞ்ஜெரி வோய்-வுருங், பூனூராங் இருவருக்குமான எல்லை நீண்ட காலப் பேச்சுக்குப் பிறகு 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகர மையமும் ரிச்மண்டும் ஹாதார்னும் வடக்கே வுருஞ்ஜெரி பக்கம். ஆல்பர்ட் பார்க், செயின்ட் கில்டா, கால்ஃபீல்ட் தெற்கே பூனூராங் பக்கம். மோனாஷ் கவுன்சில் தன் வாசகத்தில் இருவரையும் சொல்கிறது. மரபுக் கவுன்சிலின் இணைய வரைபடத்தில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். 2021-க்கு முன் அச்சடித்த பலகையைப் பார்த்து நகலெடுக்காதீர்கள்.

பலரும் நம்பிப் பயன்படுத்தும், ஐயாட்சிஸ் என்ற பூர்வகுடி ஆய்வு நிறுவனத்தின் வண்ண வரைபடம் அழகானது, சுவரில் மாட்டலாம். ஆனால் 1990-களில் நூல்களையும் ஆவணங்களையும் வைத்துத் தொகுத்த அந்தப் படத்தில் எல்லைகள் வேண்டுமென்றே மங்கலாகக் கலந்திருக்கும். துல்லியமான எல்லைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதன் அடிக்குறிப்பே சொல்கிறது. அதைப் பெரிதாக்கித் தெருவைத் தேடுவது வீண் வேலை.

விக்டோரியா அளவுக்கு எல்லா ஊரிலும் தெளிவு கிடையாது. பிரிஸ்பனில் டுர்பல், யாகெரா இரு பெயர்களையும் சேர்த்துச் சொல்வதே வழக்கம். கான்பெராவில் 2002 முதல் அரசு ஙுன்னவால் மக்களை மட்டும் சொல்லிவந்தது. ஙாம்ப்ரி குடும்பத்தார் நீதிமன்றம் போனார்கள். 2023-ல் அரசு மன்னிப்புக் கேட்டு, இந்த மண்ணோடு தொடர்புள்ள பிற மக்களையும் குடும்பங்களையும் சேர்த்துச் சொல்லும்படி வாசகத்தை மாற்றியது. இதிலிருந்து பலகை செய்பவர்களுக்கு ஒரு யோசனை: பெயர் வரும் வரியைத் தனிப் பட்டையாகச் செய்து திருகாணியில் மாட்டுங்கள். மாற்ற நேர்ந்தால் பட்டைச் செலவோடு போகும்.

தமிழ்ப் பள்ளிக்கான தமிழ் வாசகம் எழுதினோம்: "இம்மண்ணில் வாழ்ந்த ஆதிவாசிகளான பாரம்பரியக் காவலர்களுக்கும், அவர்களது முன்னாள், இந்நாள், வருங்காலப் பெரியோர்களுக்கும் அஞ்சலி செலுத்துகிறோம்." சரியா?
– தமிழ்ப் பள்ளி ஆசிரியை, மெல்பர்ன்

நல்ல மனத்தோடு எழுதிய வரி என்பது தெரிகிறது. ஆனால் இதை அப்படியே மாட்ட வேண்டாம், டீச்சர். ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம்.

'அஞ்சலி செலுத்துகிறோம்' – நம் வழக்கில் இது செத்தவர்களுக்கு. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் வரும் சொல். உயிரோடிருக்கும் மூத்தவர் உங்கள் வாசலுக்கு வந்து இதன் பொருளைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'மதிக்கிறோம்', 'வணங்குகிறோம்' போதும்.

'வாழ்ந்த' – இறந்தகாலம். முன்பு இருந்தார்கள், இப்போது இல்லை என்று ஒரு பெயரெச்சம் சொல்லிவிடுகிறது. தாருக் மக்களும் வுருஞ்ஜெரி மக்களும் இன்றும் அதே ஊரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 'வாழ்ந்துவரும்', 'பேணிவரும்' என்று நிகழ்காலத்தில் வையுங்கள். இந்தப் பலகைகளின் நோக்கமே அந்த ஒரு விகுதியில் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

'முன்னாள், இந்நாள்' – முன்னாள் அமைச்சர், இந்நாள் எம்.எல்.ஏ. என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, பதவி போன பெரியோர் என்று தோன்றும். 'இருந்தோரும் இருப்போருமான மூத்தோர்' என்றால் அழகாகவும் இருக்கிறது, பொருளும் சரி. 'வருங்காலப் பெரியோர்' என்பதை ஆங்கிலத்திலேயே பல குழுக்கள் கைவிட்டுவிட்டன. மூத்தவர் என்ற தகுதியைச் சமூகம் கொடுக்கும், அதை முன்கூட்டி நாம் கொடுக்க முடியாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தந்த மக்கள் கேட்டால் மட்டும் சேருங்கள்.

'காவலர்' – போலீஸ். வேறு விளக்கம் வேண்டாம். 'பேணிவரும் மக்கள்' என்று வினையாகச் சொல்லிவிட்டால் இந்தப் பெயர்ச்சொல்லே தேவைப்படாது.

'ஆதிவாசி' இந்திய அரசியல் வழக்கில் வேறு மக்களுக்குரிய சொல். 'பழங்குடி' தமிழ்நாட்டில் சாதிச் சான்றிதழை நினைவூட்டும். 'பூர்வகுடி' பரவாயில்லை. ஆனால் சிறந்தது பெயர் சொல்வதுதான். "தாருக் மக்கள்" என்று எழுத முடிகிற இடத்தில் பொதுச் சொல் எதற்கு?

கடைசியாக 'மண்'. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி அவர்கள் எழுதும் 'கன்ட்ரி' என்ற சொல்லில் நிலம், நீர், வானம், உயிர்கள், அவற்றின் கதைகள் எல்லாம் அடக்கம். நம்மிடம் அதற்கு உரிய சொல் தயாராக இருக்கிறது: நாடு. சோழநாடு, கொங்குநாடு, நாஞ்சில்நாடு என்று சொல்லும்போது பாஸ்போர்ட் கொடுக்கும் அரசையா நினைக்கிறோம்? மலையும் ஆறும் பேச்சும் சேர்ந்த ஒரு பரப்பைத்தான். ஆங்கிலத்தில் விளக்கவுரை தேவைப்படும் ஒரு சொல், தமிழில் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது.

மெல்பர்ன் வடபகுதியில் இருக்கும் பள்ளிக்கு இப்படி ஒரு வரைவு:

"இந்தப் பள்ளி வுருஞ்ஜெரி வோய்-வுருங் மக்களின் நாட்டில் இருக்கிறது. நிலத்தையும் நீரையும் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் அம்மக்களையும், இருந்தோரும் இருப்போருமான அவர்களின் மூத்தோரையும் மதிக்கிறோம்."

'65,000 ஆண்டுகளாக' என்று சேர்க்கலாமா என்று உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். அந்த எண் வடக்கே ஆர்னம் லேண்டில் மஜெட்பெபெ பாறைக் குகையில் கிடைத்த சான்றுக்கு 2017-ல் வெளியிட்ட கணக்கு. மெல்பர்ன் பள்ளிக்கூடத்துக்கு அதைத் தூக்கி வர வேண்டாம்.

ஒரே மக்களின் பெயரை நான்கு விதமாக எழுதுகிறார்கள். தமிழில் எப்படி எழுதுவது?
– வாசகர், அடிலெய்ட்

இதில் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆஸ்திரேலிய மொழிகளில் பெரும்பாலானவற்றில் க-வும் ஆங்கில 'ஜி' ஒலியும் வெவ்வேறு எழுத்துகள் அல்ல. த-வும் 'டி' வகை ஒலிகளும் அப்படியே. இடத்தைப் பொறுத்து ஒலி மாறும், பொருள் மாறாது. காகம், பங்கு இரண்டிலும் நாம் ஒரே க-வை எழுதிவிட்டுப் போகிறோம் அல்லவா? இந்த வேறுபாடு அவசியம் என்று நினைத்த வெள்ளைக்கார அதிகாரிகள், கேட்டபடி ஆளுக்கொரு எழுத்தில் எழுதிவைத்தார்கள். சிட்னியின் கதிகல் மக்களின் பெயர் இரண்டு வேறு முதலெழுத்துகளோடு புழங்குவதற்குக் காரணம் அதுதான்.

உங்கள் ஊர் கௌர்ணா மொழியையே எடுத்துக்கொள்வோம். அதில் மெல்லின ஒலிகள் ஆறு: இதழில் பிறப்பது, பல்லில் பிறப்பது, அண்பல்லில், நா வளைத்து, அண்ணத்தில், தொண்டையருகே. ம, ந, ன, ண, ஞ, ங. நம் மெல்லினம் ஆறும் வரிசையாக வந்து நிற்கின்றன! ஆங்கிலத்தில் நா வளைத்த ண-வைக் காட்ட முன்னால் ஓர் 'ஆர்' எழுத்தைச் சேர்க்கிறார்கள். அது ர் என்று உச்சரிப்பதற்கு அல்ல, நாவை மடி என்பதற்கான குறி. நகர மையச் சதுக்கத்துக்கு 2002-ல் கௌர்ணா பெயரும் சேர்ந்தது. 2010-ல் மொழிக்குழு எழுத்துமுறையைத் திருத்தியபோது அந்தப் பெயரில் ஆங்கில D இருந்த இடத்தில் T வந்தது. ஆங்கிலப் பலகைகள் பழையதாகிவிட்டன. தமிழில் எழுதினால் முன்பும் 'தண்டாஞங்கா', பின்பும் 'தண்டாஞங்கா'தான். சொல்லின் நடுவில் ண்ட எழுதினால் ஒலி தானே வந்துவிடுகிறது.

சொல்லின் முதலில் ங வருவதும் அங்கே சாதாரணம். "ஙப்போல் வளை" என்று ஆத்திசூடியில் படித்ததோடு நம் பிள்ளைகள் மறந்துவிடும் எழுத்துக்கு, ஙுன்னவால், ஙரிஞ்ஜெரி என்று வேலை கிடைக்கிறது. 'நுன்னவால்' என்று எழுதிச் சுலபமாக்காதீர்கள்.

ஆனால் ஒன்று: ஆங்கில வரியில் எழுத்துக்கூட்டு அந்த மக்கள் சொல்வதாகவே இருக்க வேண்டும், நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. டாஸ்மேனியாவில் பலாவா கனி மொழியில் பெரிய எழுத்தே கிடையாது. ஹோபார்ட்டுக்குப் பின்னால் நிற்கும் மலையின் பெயர் குனான்யி சிறிய எழுத்தில்தான் தொடங்கும். அச்சகத்தார் 'தவறைத் திருத்தி' பெரிய எழுத்தாக்கிக் கொடுப்பார்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழும் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மொழிகளும் ஒன்று, குமரிக்கண்டத்திலிருந்து போனவர்கள் அவர்கள் என்று பலகையில் ஒரு வரி சேர்க்கலாமா?
– வாசகர், மதுரை

கூடாது. மேலே சொன்ன ஒலி ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. வளரியும் பூமராங்கும் வளைந்திருப்பதும் அப்படித்தான். அவர்கள் நாட்டை மதிக்க வைக்கும் பலகையில் அவர்களை நம் கிளையாக எழுதுவது என்ன மரியாதை?

சைன் கடையில் கொடுத்தால் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. எந்தப் பொருளில், எந்த அளவில் செய்வது?
– மண்டபப் பொறுப்பாளர், பெர்த்

முதலில் எழுத்து. கடைக்காரர் மின்னஞ்சலிலிருந்து வரியை நகலெடுத்துத் தன் வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டுவார். இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற தேர்வைப் போடாவிட்டால் கொம்பு எழுத்துகள் இடம்மாறும்: 'பேணி'யில் இரட்டைக் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நிற்கும், 'மூத்தோர்' மூன்று துண்டாகும், 'தலைமுறை'யில் இரண்டு ஐகாரமும் பிசகும். தமிழ் தெரியாத கண்ணுக்கு எல்லாமே சுருள்தான். அவர் கவனிக்க மாட்டார். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிக் கொடுத்தாலோ, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக விழும். யூனிகோடில் தட்டி, எழுத்துகளை வடிவக்கோடுகளாக மாற்றிய பி.டி.எஃப். கோப்பாகவே கொடுங்கள். பிறகு முழு அளவில் தாளில் அச்செடுத்து வாங்கி, வரைவு எழுதாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

அளவுக்கு ஒரு கட்டைவிரல் கணக்கு: 25 மி.மீ. உயர எழுத்து 3 மீட்டரில் சுகமாகப் படிக்கும், 10 மீட்டர்தான் உச்சம். தமிழுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். ணூ, ளி போன்றவற்றின் சுழிகள் தூரத்தில் அடைந்துவிடும். வரி இடைவெளியும் ஆங்கிலத்தைவிடத் தாராளமாக வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரி உகரக் காலும் கீழ்வரி இகர விசிறியும் மோதிக்கொள்ளும். சுவரில் மாட்டினால் தரையிலிருந்து 1200 முதல் 1600 மி.மீ. உயரத்துக்குள் வாசகம் இருக்கட்டும்; சக்கர நாற்காலியில் வருபவர்களும் படிக்கலாம்.

பொருள்: சுவருக்கு 3 மி.மீ. அலுமினியம் காம்போசிட் (நடுவில் பிளாஸ்டிக், இருபுறமும் மெல்லிய அலுமினியம்) போதும். கம்பத்தில் நிற்பதற்கு அது வேண்டாம், மூலையைப் பிடித்து மடக்கிவிடுவார்கள். முழு அலுமினியத் தகடு வாங்குங்கள். மேலே கிறுக்கலைத் துடைத்தெடுக்கக்கூடிய லேமினேட் ஒட்டச் சொல்லுங்கள், இந்த மாதிரிப் பலகைகள்மேல் கோபத்தைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். காம்போசிட் வெயிலில் விரியும்: 50 டிகிரி வித்தியாசத்துக்கு 2 மீட்டர் நீளப் பலகை சுமார் 2.4 மி.மீ. நீளும். துளையைத் திருகாணி அளவுக்கே போட்டு இறுக்கினால் நடுவில் வயிறு தள்ளும். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, எவர்சில்வர் திருகாணிக்கு நைலான் வாஷர் போடுங்கள். கடலோரத்தில் இரண்டு உலோகமும் நேராகத் தொட்டால் அரிக்கும்.

ஆஸ்திரேலியாவில் அதிக வெயில் வாங்குவது வடக்கு பார்த்த சுவர். இங்க்ஜெட் அச்சில் முதலில் வெளிறுவது சிவப்பும் மஞ்சளும்தான். பூர்வகுடிக் கொடியின் மூன்று நிறத்தில் இரண்டு அவை. கொடியை அச்சடிக்காமல் நிறம் ஏறிய காஸ்ட் வினைல் என்ற ஒட்டுத் தாளில் வெட்டி ஒட்டினால் கூடுதல் காலம் தாங்கும்.

கொடியைப் போட அனுமதி வேண்டுமா? புள்ளி ஓவியம் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து ஓரத்தில் வைக்கலாமா?
– வாசகர், லிவர்பூல், சிட்னி

பூர்வகுடிக் கொடிக்கு இப்போது அனுமதி வேண்டாம். ஹரால்ட் தாமஸ் வடிவமைத்து 1971 ஜூலை 12-ல் அடிலெய்டில் முதன்முதலாக ஏற்றிய கொடி அது. 2022 ஜனவரியில் காப்புரிமையை மத்திய அரசு வாங்கிப் பொதுவில் விட்டது. மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம், விகிதம் 2:3. அதன்மேல் எழுத்து எழுதக் கூடாது. கொடி நிறத்திலேயே பலகையும் செய்யலாம் என்று கறுப்பில் சிவப்பு எழுத்துப் போட்டுவிடாதீர்கள். பத்தடிக்கு அப்பால் வெறும் கறுப்புப் பலகையாகிவிடும். கறுப்பில் மஞ்சள் அல்லது வெள்ளை.

டோரஸ் நீரிணைத் தீவு மக்களின் கொடி வேறு. பெர்னார்ட் நமோக் 1992-ல் வடிவமைத்த அதன் உரிமை டோரஸ் நீரிணைத் தீவு வட்டாரக் கவுன்சிலிடம் இருக்கிறது. எழுதி அனுமதி வாங்க வேண்டும்.

புள்ளி ஓவியம் வேண்டவே வேண்டாம். திருட்டு என்பது ஒரு காரணம். இடம் தவறு என்பது அதைவிடப் பெரிய காரணம். 1971-ல் பாப்புன்யாவில் தொடங்கி உலகப் புகழ் பெற்ற புள்ளி ஓவியம் மேற்குப் பாலைவனத்து மக்களுடையது. சிட்னி மணற்பாறைகளில் இருப்பது செதுக்கிய கோட்டுருவங்கள். தென்கிழக்கின் மரபு கோடுகளும் சாய்சதுரங்களும். தாருக் பெயரின் ஓரத்தில் பாலைவனப் புள்ளிகளை வைப்பது, தஞ்சாவூர்க் கோயில் பலகையில் மகாராஷ்டிரத்து வார்லி ஓவியம் வரைந்த மாதிரி.

ஓவியம் வேண்டுமென்றால் அந்த நாட்டு ஓவியர் ஒருவரிடம் வரைந்து வாங்குங்கள். பணம் கொடுத்துவிட்டதால் ஓவியத்தின் காப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. பலகைக்கு வாங்கியதை டி-ஷர்ட்டிலும் விழா மலரிலும் போட வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஓவியர் பெயர், அவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்பது பலகையிலேயே வர வேண்டும். மூத்தவர் ஒருவரின் புகைப்படத்தை வைக்கும் யோசனை இருந்தால் குடும்பத்தாரைக் கேட்காமல் செய்யாதீர்கள். இறந்தவரின் படத்தையும் பெயரையும் சில காலம் தவிர்ப்பது பல சமூகங்களில் வழக்கம்.

தோட்டத்தில் கம்பம் நட்டு வைக்கலாம் என்றிருக்கிறோம். வேறு அனுமதி ஏதாவது?
– டூங்காபி செயலாளரே மறுபடியும்

கவுன்சில் திட்டப் பிரிவில் கேளுங்கள். மண்டபம் வாடகை என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். குழி தோண்டுமுன் நிலத்தடிக் கம்பி, குழாய் விவரத்தை 'பிஃபோர் யூ டிக்' சேவையில் கேளுங்கள், கட்டணம் கிடையாது. மனித உயரப் பலகைக்கு 300 மி.மீ. அகலம், 600 மி.மீ. ஆழக் குழி, சிமென்ட் கலவை.

பலரும் மறப்பது இது: ஓடைக்கு 200 மீட்டருக்குள் இருக்கும் கலையாத நிலத்தில் பூர்வகுடிகளின் கல்கருவிகள் கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பக்கத்தில் டூங்காபி ஓடை ஓடுகிறது. நியூ சவுத் வேல்ஸில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெரியாமல் சேதப்படுத்தினாலும் குற்றம்தான். ஏஹிம்ஸ் என்ற மாநிலப் பதிவேட்டில் முகவரியைக் கொடுத்து அடிப்படைத் தேடல் செய்யலாம், அதுவும் இலவசம். அவர்கள் நாட்டை மதிக்கும் பலகைக்காக அவர்கள் முன்னோர் விட்டுப்போன கல்லைக் கடப்பாரையால் உடைப்பதைவிட, சுவரில் மாட்டிவிடலாம்.

2023 வாக்கெடுப்பில் மக்கள் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்களே, இன்னும் பலகை எதற்கு? பலகை வைத்தால் பிற்காலத்தில் நிலத்துக்கு உரிமை கோருவார்களா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

2023 அக்டோபர் 14 அன்று கேட்டது, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பை அரசியல் சாசனத்தில் சேர்ப்பதா என்று. சுமார் 60 சதவீதம் பேர் மறுத்தார்கள். பலகை அந்தக் கேள்வியில் இல்லை.

நிலம் பற்றிய பயம் வேண்டாம். வாசகத்துக்குச் சட்ட விளைவு எதுவும் கிடையாது. முழு உரிமைப் பட்டா கொடுத்த நிலத்தில் பூர்வகுடி நில உரிமை அற்றுப்போய்விட்டது என்று 1998-ல் ஃபீஜோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. உங்கள் வீட்டு நிலம் உங்களுடையதுதான். அந்தத் தீர்ப்பை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

உலுரு பாறைப் பலகையில் ஏன் இரண்டு பெயர்?
– மாணவி, சென்னை

வெள்ளையர் வைத்த பெயரும் அந்த நாட்டு மக்களின் பெயரும் சேர்ந்து, 1993-ல் 'ஏயர்ஸ் ராக் / உலுரு' என்று இரட்டைப் பெயரானது. 2002 நவம்பரில் வரிசை மாறி 'உலுரு / ஏயர்ஸ் ராக்' ஆனது. எந்தப் பெயர் முதலில் என்பதற்கு ஒன்பது ஆண்டுகள்! ரயில் நிலையப் பலகையில் தார் பூசிய ஊர்க்காரிக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடிதத்தில் முகவரி எழுதும்போது நாட்டின் பெயரையும் எழுதலாமாமே?
– வாசகி, கான்பெரா

எழுதலாம். 2020-ல் எழுந்த கோரிக்கையை ஏற்று ஆஸ்திரேலியா போஸ்ட் இடம் ஒதுக்கியிருக்கிறது. பெறுபவர் பெயருக்குக் கீழே, தெருப் பெயருக்கு மேலே, தனி வரியில். ஊர், அஞ்சல் குறியீட்டு வரியோடு சேர்த்தால் இயந்திரம் தடுமாறும்.

திறப்பு விழாவுக்கு மூத்தவர் ஒருவர் வர ஒப்புக்கொண்டார். குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை எல்லாம் செய்யலாமா?
– தமிழ்ப் பள்ளி ஆசிரியை, மெல்பர்ன்

விளக்கேற்றலாம். மாலையும் பொன்னாடையும் முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நிகழ்ச்சியில் முதலில் அவருடைய வரவேற்பு, பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து. உள்ளே வரச் சொல்ல வேண்டியவர் அவர்தான். கட்டணத்தை உறையில் போட்டு மேடையில் நீட்டாதீர்கள், பில் அனுப்பச் சொல்லி வங்கியில் கட்டுங்கள். புகைச் சடங்கு செய்வதாக இருந்தால் திறந்தவெளியில். மண்டபத்துக்குள் செய்தால் புகை அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். கோடையில் முழுத் தீத்தடை நாளாக இருக்கிறதா என்று அன்று காலையில் பாருங்கள்.

நம் பிள்ளைகள் பார்த்தவர்களை எல்லாம் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்பார்கள். அவர்களிடம் அது அப்படியல்ல. சமூகம் மூத்தோருக்குக் கொடுக்கும் பட்டம். அழைப்பிதழில் பட்டத்தோடு எப்படி எழுத வேண்டும் என்று அவரையே கேட்டு, அதே போல அச்சடியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவிட்டுக் கூப்பிட வையுங்கள்.

பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைக்க ஒரு பாட்டி எப்படியும் வருவார். பளபளப்பில்லாத லேமினேட்டில் மஞ்சள் கறை ஏறினால் போகாது. பலகைக்குக் கீழே ஒரு தாம்பாளத்தை வைத்து, பாட்டியை அதற்குத் திருப்பிவிடுங்கள்.